இங்கிலாந்தில் ஒரு கடை, சோஹாரில் இரண்டு நாற்காலிகள்

1

காலியாகக் கிடக்கும் கடைக்கும் வரி உண்டு என்பது எனக்குத் தெரியாது. யாராவது வியாபாரம் செய்தால் அவர் கட்டுவார். யாரும் இல்லையென்றால் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரரிடம் கேட்பார்கள். இங்கிலாந்தின் ஒரு சிறிய சந்தை ஊரிலிருந்து நகராட்சி இதை இரண்டு பக்கங்களில் எனக்கு விளக்கியிருந்தது. மிகவும் மரியாதையான கடிதம். 'அன்புள்ள' என்று தொடங்கி 'உண்மையுள்ள' என்று முடிந்தது.

அமீரகத்தில் வீட்டுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் கம்பெனியின் தபால் பெட்டிக்குத்தான் வரும். ஜெபல் அலியில் நான் வேலை பார்க்கும் சரக்கு நிறுவனத்தில், வரவேற்பறையில் இருக்கும் பிலிப்பினோ பெண் அவற்றைப் பிரித்து மேசை மேசையாக வைப்பார். அரசியின் தலை போட்ட உறைகள் எனக்கு மட்டும்தான் வரும் என்பதால், "சார், யுவர் குயீன்" என்று சொல்லித் தருவார்.

அன்று இரண்டு உறைகள். ஒன்று வரிக் கடிதம். மற்றது அந்த ஊரில் எங்கள் கடையை வாடகைக்கு விடும் தரகரிடமிருந்து. கடைக்கு ஆள் கிடைத்திருக்கிறது, பழைய வாடகை கிடைக்காது, ஏறத்தாழப் பாதிதான், சொந்தக்காரர்கள் இருவரும் சாட்சி முன்னிலையில் கையெழுத்திட்டு மூன்று வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். வரப்போகிறவர் யார் என்று பார்த்தேன். பதினாறு மாதங்களுக்கு முன் இதே கடையை முழு வாடகைக்குக் கேட்டவர். அப்போது வேண்டாம் என்று எழுதியவன் நான்.

இன்னொரு சொந்தக்காரரான சேவியர் அண்ணனுக்கு அது தெரியாது. கூரியரில் அனுப்பினால் அவர் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். அதனால்தான் கூரியரில் அனுப்ப முடியவில்லை.

2

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்கு உச்சரிக்க வராது. எனக்கே மூன்று ஆண்டுகள் வரவில்லை. எழுத்தில் இருக்கும் நடு எழுத்துகள் மூன்றை அந்த ஊர்க்காரர்கள் சொல்வதே இல்லையாம். என் மகள் திருத்தும்வரை ஓர் எழுத்து விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் தரகர் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் மௌனமாவார். இணைப்பில் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

சேவியர் அண்ணனும் நானும் தொண்ணூறுகளில் ஷார்ஜாவில் ஆறு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தவர்கள். அவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். நான் மதுரையில் ஒரு மாலை நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்துவிட்டு வந்தவன். அறையில் ஆங்கிலத்தில் எது எழுத வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். லீவு விண்ணப்பம், வங்கிக் கடிதம், மனைவிக்கு விசா கேட்கும் மனு, எல்லாம். அண்ணனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் விரல் வைத்த இடத்தில் அவர் கையெழுத்திடுவார். படித்துப் பார்த்ததில்லை. பிறகு ஓமானில், சோஹாரில் புதுத் துறைமுகமும் ஆலைகளும் வந்தபோது நல்ல சம்பளத்துக்கு அங்கே போய்விட்டார். நர்ஸாக இருந்த மனைவி ஸ்டெல்லாவுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது.

2006-இல் துபாயில் ஒரு ஹோட்டலில், வெள்ளிக்கிழமை மதியம், இலவசத் தேநீருடன் ஒரு கூட்டம் நடந்தது. இங்கிலாந்தின் சந்தை ஊர் ஒன்றில் இருபது கடைகள் கொண்ட ஷாப்பிங் சென்டரை எடுத்துக் கட்டி, கடை கடையாக விற்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வாடகை உத்தரவாதம். திரையில் தேவாலயக் கோபுரம், ஆற்றில் அன்னங்கள், சதுக்கத்தில் கோடுபோட்ட துணிக் கூரைகளின் கீழே காய்கறி விற்பவர்கள். பேசியவன் கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டிருந்த ஓர் ஆங்கில இளைஞன். கேள்விகள் உண்டா என்றான். சோஹாரிலிருந்து இதற்கென்றே வந்திருந்த சேவியர் அண்ணன் எழுந்தார்.

"ஹவ் மெனி சர்ச் இஸ் தேர்?"

அந்த இளைஞன் உதவியாளரைப் பார்த்தான். அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். மூன்று என்றாள்.

அண்ணன் உட்கார்ந்துகொண்டு என் காதில் சொன்னார்: "மூணு கோயிலு இருக்குவே. ஊரு ஏமாத்தாது."

சிரித்தேன். ஆனால் நான் மட்டும் என்ன ஆராய்ந்தேன்? அந்த ஊருக்கென்று ஒரு வாரப் பத்திரிகை வெளிவருவதை அவர்கள் தந்த புத்தகத்தில் பார்த்தேன். பத்திரிகை நடக்கிற ஊரில் விளம்பரம் இருக்கும், விளம்பரம் இருந்தால் கடைத்தெரு இருக்கும் என்று முடிவு கட்டினேன். ஒருவர் கோயிலை எண்ணினார், மற்றவர் பத்திரிகையைப் பார்த்தார். இருவரும் தனித்தனியாக யோசித்ததாகவே நினைத்துக்கொண்டோம். ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரு கடையை வாங்கினோம்.

ஏன் இங்கிலாந்து என்று ஊரில் கேட்டார்கள். எனக்கும் இன்றுவரை நல்ல பதில் இல்லை. விசா முடிந்தால் கிளம்ப வேண்டிய தேசத்தில் இருக்கிறோம். எங்காவது ஓரிடத்தில், யாரும் கிளம்பச் சொல்ல முடியாதபடி நம் பெயர் பதிவாகியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். நம் ஊர்ப் பத்திரங்களில் 'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று வரும். அவர்கள் பத்திரத்திலும் அமைதியாக அனுபவிப்பது பற்றி ஒரு வரி இருந்தது. அதை அண்ணனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று.

வாடகையில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. இரண்டு ஆண்டுகள் உத்தரவாதம் முடியட்டும், அதன்பின் சொந்தமாக ஒரு வாடகைக்காரர் உட்கார்ந்தவுடன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று அவர் திட்டமிட்டார். ஆலை இரைச்சலில் அவருக்கு ஒரு காது ஏற்கெனவே மந்தமாகியிருந்தது.

3

2008-இல் உத்தரவாதம் முடிகிற வாரத்திலேயே தரகரின் மின்னஞ்சல் வந்தது. கடைக்கு நல்ல ஆள் வந்திருக்கிறார்கள், நான்கு தலைமுறையாக அந்த வட்டாரத்தில் தொழில் செய்யும் குடும்பம், பத்து ஆண்டு ஒப்பந்தத்துக்குத் தயார். தொழில்: இறுதிச் சடங்கு நடத்துவது.

இதை ஊர்க்காரர்களுக்கு எப்படி விளக்குவது? அங்கே அதற்குக் கடை உண்டு. கண்ணாடிச் சன்னல், உள்ளே பூச்சாடி, இரண்டு சோபா. இறந்தவரை அங்கே கொண்டுவருவதில்லை. வீட்டார் வந்து உட்கார்ந்து, எந்தப் பெட்டி, எந்தப் பூ, எத்தனை கார் என்று பேசிவிட்டுப் போவார்கள். எங்கள் கடை வரிசையின் கோடியில் இருந்தது. அதற்குப் பின்பக்கம், கார்கள் நிற்கக்கூடிய முற்றத்துக்குத் திறக்கும் கதவு உண்டு. அதனால் அதுதான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

என் மனைவி வசந்தா அப்போது சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இந்தியப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சோதிடம் பார்க்கிறவள் அல்ல.

"நாமளா குடிவைக்கிற முதல் ஆளு. அது சாவுக் கடையா?" என்றாள்.

"அப்ப வேணாம்னு எழுதிரவா?"

"நான் வேணாம்னா சொன்னேன்? கேட்டேன். உங்க இஷ்டம்."

இருபது ஆண்டுக் குடும்பத்தில் 'உங்க இஷ்டம்' என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்து, 'வேறு வகைத் தொழில் செய்பவரையே விரும்புகிறோம்' என்று எழுதினேன். விரும்புகிறோம், பன்மையில். அண்ணனைக் கேட்கவில்லை. அவரிடம் கேட்டு எதையும் எழுதிய பழக்கம் எனக்கு இல்லை. தரகர் ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்: குறித்துக்கொண்டேன்.

இதில் எனக்கே விளங்காத விஷயம் ஒன்று உண்டு. மதுரை நாளிதழில் நான் நான்கு ஆண்டுகள் பார்த்த வேலை, 'காலமானார்' விளம்பரங்கள். குடும்பத்தார் அழுத கண்ணோடு கல்யாணப் படத்தைக் கத்தரித்துக் கொண்டுவருவார்கள். இயற்கை எய்தினாரா, இறைவனடி சேர்ந்தாரா, சிவலோக பதவியா, கர்த்தருக்குள் நித்திரையா என்று கேட்டு எழுதுவேன். எட்டாம் பக்கம் முழுக்க நிறைந்த மாதம் நிர்வாகியின் முகம் தெளிவாக இருக்கும். எங்கள் தீபாவளி போனஸில் அந்தப் பக்கத்துக்குப் பங்கு உண்டு. அந்தப் போனஸில்தான் வசந்தாவுக்கு முதல் பட்டுப்புடவை எடுத்தேன். அப்போது ஒரு சொல்கூட உறுத்தவில்லை.

பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? வசந்தாவுக்காகவா? அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் என்ன சொல்வார்கள் என்றா? ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. 'இங்கிலாந்தில் கடை' என்று நான் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் எழும் படத்தில் சவப்பெட்டி இருக்கக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ. நினைத்ததாக நினைவில்லை. எழுதிய நினைவு மட்டும் இருக்கிறது.

அடுத்த வாரம் அண்ணன் போன் செய்தார்.

"என்னவே, நம்ம கடைக்கி ஆளு வந்துச்சா?"

"நல்ல ஆளா யாரும் வரலண்ணே. பாத்துக்கிட்டிருக்காங்க."

பத்திரிகையில் இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது எழுதிக் கொண்டுவந்தால் நான் அடித்திருப்பேன். ஒவ்வொரு சொல்லும் தப்பிக்க இடம் வைத்துப் போட்டது.

பிறகு மெழுகுவத்தியும் பரிசுப் பொருளும் விற்கும் ஒரு பெண் வந்தார். நான்கு மாதம். கிறிஸ்துமஸ் முடிந்து சில வாரங்களில் சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உலகம் முழுக்க வங்கிகள் தடுமாறிய நேரம். துபாயிலேயே பாதி கட்டிய கட்டடங்கள் கம்பிகளோடு நின்றன. கடைக்கு அதன் பிறகு யாரும் வரவில்லை. இப்போது அந்த வாக்கியம் உண்மையாகிவிட்டது.

4

என் மகள் மதுமிதா இங்கிலாந்தில் படிக்கிறாள். அந்த ஊர் அவள் இருக்கும் நகரத்திலிருந்து இரண்டு ரயில் தூரம். இரண்டு ஆண்டுகளாகப் போய்ப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். தரகரின் கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை, போனாள். அங்கிருந்தே போன் செய்தாள்.

"அப்பா, ஐயம் ஹியர். நம்ம கடை முன்னாடி பெஞ்ச்ல உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டுட்டிருக்கேன்."

"எப்பிடி இருக்கு?"

"கண்ணாடில பேப்பர் ஒட்டிருக்காங்க. உள்ள டார்க்கா இருக்கு. சோ சாட். எதிர்ல ஒரு கடை மட்டும் க்யூட்டா இருக்கு. ஃபுல்லா வெள்ளைப் பூ."

"பூக்கடையா?"

"இல்லப்பா. ஃப்யூனரல் பீப்பிள். நான் உள்ள போய்ப் பேசுனேன். அந்த ஆன்ட்டி டீ போட்டுக் குடுத்தாங்க. அங்க பேக் டோர் இல்லாம கஷ்டமாம். நீங்கதான் அவங்கள வேணாம்னு சொன்னீங்களாமே? ஏன்?"

நான் அலுவலகத்தில் இருந்தேன். எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தேன்.

"அது நம்ம வழக்கமில்ல, மது."

"யாரோட வழக்கம்?"

இந்தப் பெண் துபாயில் வளர்ந்தவள். ஒரு சாவு வீட்டைக்கூடப் பார்த்ததில்லை. பாட்டனார் இறந்த செய்தியே அவளுக்குத் தொலைபேசியில்தான் வந்தது. நான் மட்டும் விமானத்தில் போய்விட்டு வந்தேன். எதைக் காட்டி வழக்கம் என்பது?

"சேவியர் அங்கிள் ஓகே சொன்னாரா?" என்றாள்.

"ரயிலுக்கு நேரமாகல?" என்றேன்.

"அப்பா," என்றாள். பிறகு, "ஓகே, பை."

5

துபாயிலிருந்து ஹத்தா வழியாகச் சோஹார் மூன்று மணி நேரம். எல்லைச் சாவடியில் ஓமான் அதிகாரி என் கடவுச்சீட்டில் தொழில் என்ன என்று பார்த்தார். நான் வந்த ஆண்டில் கம்பெனிக்குக் கிடைத்திருந்த விசா தட்டச்சருக்கு உரியது. இன்றும் அரபியில் அப்படித்தான் இருக்கிறது. "டைப்பிஸ்ட்?" என்றார். ஆமாம் என்றேன். முத்திரை விழுந்தது.

சேவியர் அண்ணன் வீட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் போகிறேன். கதவைத் திறந்ததும் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று தோன்றியது. கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் ஒரு பாய், மாதா படம். அவ்வளவுதான்.

"வாரும்வே, இரியும். பார்டர்ல கூட்டமா?" என்றார். அவர் பாயில் உட்கார்ந்துகொண்டார்.

"சோபா எங்கண்ணே?"

"ஊருல இருக்கு."

சமையலறையிலிருந்து ஸ்டெல்லா மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்த மெழுகுவத்திக்காரி வந்தவொடன கெளம்புதோம்னு எல்லாத்தையும் கார்கோவுல போட்டாச்சி தம்பி. கட்டிலு, பிரிட்ஜு, சோபா, எல்லாம். பொறவு அவ போயிட்டா, கடைக்கி வேற ஆளு வரல, வேலய விட முடியல. இவுஹ எழுதிக் குடுத்த ராஜினாமாவத் திருப்பி வாங்கிட்டாஹ. சாமான்லாம் அங்க சுகமா இருக்கு, நாங்க இங்க கெடக்கோம்."

"சாமானுக்கு விசா வேண்டாம்லா," என்றார் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். இது பலமுறை சிரித்துத் தேய்ந்த வேடிக்கை என்று தெரிந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் கீழே. பையிலிருந்து காகிதங்களை எடுக்கவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எல்லையிலிருந்தே வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். சொன்னபோது அவை அந்த வரிசையில் வரவில்லை.

"அண்ணே, இப்ப வர்ற ஆளு முன்னாடியே கேட்டாங்க. உத்தரவாதம் முடிஞ்ச அன்னிக்கே. முழு வாடகைக்கு. சாவுக்குச் செய்யிறவங்க. நான்தான் வேண்டாம்னு எழுதுனேன். உங்களக் கேக்கல. உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

நல்ல காது என் பக்கம் இருக்கும்படி அவர் தலையைத் திருப்பிக் கேட்டார். கேட்டு முடித்த பிறகும் அப்படியே வைத்திருந்தார்.

"எத்தன மாசம்?"

"பதினாறு."

"ம்." பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரை ஒன்றை மடித்து உள்ளே செருகினார். "சரி, விடும். என்னயக் கேட்டிருந்தாலும் நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

தப்பித்தேன் என்று ஒரு நிம்மதி வந்தது. அது அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"ஆமா, சொல்லுவிய," என்றார் மதினி. "ஒங்க அப்பா பெட்டி அடிச்சித்தான ஒங்கள பாலிடெக்னிக் படிக்க வச்சாரு? ஊருல எந்தச் சாவுன்னாலும் மொதல்ல மாமாவத்தான வந்து கூப்புடுவாஹ? எங்க அப்பாவுக்கும் அவரு அடிச்ச பெட்டிதான். இவுஹ வேண்டாம்னு சொல்லுவாஹளாம்!"

"அது வேற, புள்ள."

"என்ன வேற?"

மதினி அவரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மீன் தீயும் என்று உள்ளே போனார்.

ஆறு ஆண்டுகள் ஒரே அறை. அவர் அப்பா தச்சர் என்று தெரியும். படகுக்குப் பலகை அறுப்பவர் என்று நானாக நினைத்திருந்தேன். வேறு என்ன செய்வார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டு எழுதிப் பிழைத்தவன் நான்.

அவர் சொன்னது என்னைத் தப்பவைக்கச் சொன்ன பொய்யா, அல்லது அந்தத் தொழிலுக்குள் வளர்ந்தவர் என்பதாலேயே அது தம் பெயரோடு மறுபடி ஒட்டக் கூடாது என்று உண்மையாகவே நினைத்திருப்பாரா? இரண்டுக்கும் அந்த முகம் பொருந்தியது. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "சோறு ஆறிரும்," என்றார்.

சாப்பிட்ட பிறகு சாட்சிக்கு மேல்மாடி மலையாளி ஒருவரை அழைத்து வந்தார். அவர் காகிதத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இங்கிலாண்டில் கடயுண்டோ? பின்னெ எந்தினா இவிடெ?" என்றார். பிறகு எதற்கு இங்கே கிடக்கிறீர்கள் என்று. பகடியாகத்தான் கேட்டார். யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

நான் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, கையெழுத்திடும் கோட்டில் விரல் வைத்தேன்.

அண்ணன் என் விரலைப் பார்த்தார். பிறகு கட்டு முழுவதையும் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். கருவிகளின் கையேடுகளைப் படிக்கிற பழக்கம் போலிருக்கிறது. ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் மூடிய பேனாவை வைத்து நகர்த்தினார். புரியாத சொல் வரும்போது நிமிர்ந்து கேட்டார். நான் சொன்னேன். சொன்னதைத் தன் வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். மலையாளி இரண்டு முறை மணி பார்த்தார். மதினி தேநீர் போட்டுக் கொடுத்தார். பதினான்கு பக்கங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. கவனம் இருந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.

"இது என்ன அட்ரஸ்வே?"

"லெட்டர் அனுப்புற விலாசம்ணே. எல்லாத் தகவலும் இதுக்குத்தான் வரும்."

"ஒம்ம கம்பெனி பொட்டி நம்பர்லா இது."

"ஆமா."

"எங்க பிளாண்ட்டுக்கும் பொட்டி இருக்கு."

"ஒரு வெலாசந்தான் போடலாம்ணே. ஒரே கோடுதான் குடுத்திருக்காங்க."

அவர் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். தட்டெழுத்தில் இருந்த என் பெயரையும் ஜெபல் அலிப் பெட்டி எண்ணையும் ஒரே கோட்டில் அடித்தேன். மேலே, இடுக்கில், அவர் சொல்லச் சொல்லச் சோஹார் விலாசத்தை எழுதினேன். ஒவ்வோர் எண்ணையும் நான் எழுதி முடித்த பிறகே அடுத்ததைச் சொன்னார். அடித்துத் திருத்திய இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. அவர் இட்டார். பிறகு நான்.